இடைக்கால ஹீப்ரு கையெழுத்துப் பிரதிய படம் பார்த்து ஆராயுறது எப்படி: முதல் ஏட்டுல இருந்து தேதி வரைக்கும் முழு வழிகாட்டி

புதுசா இதுல இறங்குறவங்க எல்லாரும் செய்யுற முதல் வேலை ஒன்னுதான்: நேரா கடைசி ஏட்டுக்கு போயி எழுதினவரோட குறிப்ப தேடுறது. அங்க ஒரு வருஷம் கிடைச்சிடுச்சுன்னா அதோட முடிஞ்சது, அதுக்கப்புறம் புத்தகத்துல எத பார்த்தாலும் அந்த வருஷத்துக்கு பொருந்துற மாதிரியேதான் கண்ணுக்கு தெரியும். நானும் ஒரு மாசம் அப்படித்தான் வீணாக்கினேன், அத கீழ சொல்றேன். அதனால இந்த வழிகாட்டில குறிப்பு எட்டாவது படியாதான் வருது. முதல்ல உடம்பு, அடுத்து எழுத்து, அப்புறம்தான் வாசகம். இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க.

1. உக்கார்றதுக்கு முன்னாடி

ஹீப்ரு சரளமா தெரியணும்னு அவசியமில்ல. 22 எழுத்து, அதுல அஞ்சு எழுத்துக்கு சொல் கடைசில வர்ற தனி வடிவம், எழுத்துக்கு உள்ள எண் மதிப்பு, இவ்வளவு கண்ண மூடினாலும் ஞாபகத்துல இருக்கணும். ஒரு வாரம் தினமும் அரை மணி நேரம் உக்காந்தா வந்துடும்.

படத்துக்கு இஸ்ரேல் தேசிய நூலகத்தோட கிதிவ் தளம் போதும். 1950ல இருந்து உலகம் பூரா இருக்கிற ஹீப்ரு பிரதிகள மைக்ரோஃபிலிம் எடுத்து சேத்துட்டு வந்த வேலையோட தொடர்ச்சி அது, பல நாட்டு நூலகத்துப் பிரதிய ஒரே இடத்துல தேடலாம். கூடவே ஸ்ஃபார்டேட்டாங்கற தரவுத்தளம். ஹீப்ரு பிரதி ஆய்வாளர் மலாக்கி பெயித்-அரியேவோட குழு 1965ல ஆரம்பிச்ச வேலைல இருந்து வந்தது, 1540 வரைக்கும் தேதி போட்ட பிரதிகளோட உடல் விவரத்த, அதாவது துளை, கோடு, மடிப்பு எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கு. இந்த மாதிரி ஒன்னு இல்லாம தேதி இல்லாத பிரதிய எதோட ஒப்பிட்டு பார்ப்பீங்க?

இதோட ஒரு நோட்டும், ஹீப்ரு தேதிய மாத்தித் தர்ற, ஐரோப்பாவோட பழைய ஜூலியன் நாட்காட்டியையும் காட்டுற ஒரு இணையக் கருவியும் (தேதி மாத்தி) வேணும். ஜூலியன் ஏன்னு ஒன்பதாவது படில வரும்.

முதல் பயிற்சிக்கு தேதி உறுதியா தெரிஞ்ச பிரதிய எடுங்க. தேதி இல்லாத துண்ட முதல்லயே எடுத்தீங்கன்னா நீங்க செஞ்சது சரியா தப்பான்னு சொல்ல ஆளே இருக்காது.

2. பிரதியோட முகவரிய சரியா எழுதுங்க

ஊர், நூலகம், சேகரிப்பு பேரு, எண். நாலும் வேணும். இங்கயே நிறைய பேர் சறுக்குறாங்க, ஏன்னா ஒரே பிரதிக்கு ரெண்டு மூணு எண் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் போட்லியன் நூலகத்துல அலமாரி எண் ஒன்னு, 1886ல நொய்பவர் போட்ட பட்டியல்ல வேற எண், கிதிவ்ல ஃபிலிம் எண் இன்னொன்னு. பழைய கட்டுரைல பட்டியல் எண்ணதான் கொடுத்திருப்பாங்க, நீங்க அத அலமாரி எண்ணுன்னு நினைச்சு தேடினா சம்பந்தமே இல்லாத வேற புத்தகம் வந்து நிக்கும்.

மூணையும் ஒரே வரில எழுதி வச்சுக்கோங்க. இணைய முகவரிய மட்டும் சேமிச்சா பத்தாது, தளம் மாறினா அது செத்துடும், அலமாரி எண் அப்படியே இருக்கும்.

இன்னொன்னு. பட்டியல்ல இந்தப் பிரதிய பத்தி என்ன சொல்லியிருக்குன்னு இப்ப படிக்காதீங்க. ஆசையாத்தான் இருக்கும், ஆனா படிச்சிட்டா அவர் கண்ணாலதான் பார்ப்பீங்க.

3. எது முதல் பக்கம்?

வலப்பக்கத்துல இருந்து திறக்கிற புத்தகம். அதனால விரிச்சு வச்ச படத்துல இடது கைப் பக்கம் இருக்கிறதுதான் புது ஏட்டோட முன்பக்கம், வலது கைப் பக்கம் இருக்கிறது முந்தின ஏட்டோட பின்பக்கம். லத்தீன் பிரதி பார்த்து பழகினவங்களுக்கு இது தலைகீழ்.

சில நூலகத்துல படத்த இடமிருந்து வலமா எண் போட்டு ஏத்தியிருப்பாங்க, அப்ப ஒன்னாம் படம் புத்தகத்தோட கடைசி. சில பிரதில பழைய நூலகர் ஐரோப்பிய வழக்கத்துல பின்னாடி இருந்து ஏட்டு எண் போட்டிருப்பார், அப்புறம் வந்தவர் பென்சில்ல திருத்தியிருப்பார், ரெண்டும் ஒரே மூலையில இருக்கும். எந்த எண்ண நீங்க பின்பற்றுறீங்கன்னு நோட்டுல முதல் வரில எழுதிடுங்க. இல்லன்னா அடுத்த மாசம் உங்க குறிப்பு உங்களுக்கே புரியாது.

அடுத்து ஏடு வரிசையா இருக்கான்னு பாருங்க. பின்பக்கத்து அடியில, இடது ஓரத்துல, தனியா ஒரு சொல் இருக்கும். அடுத்த பக்கம் அந்த சொல்லுல ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கலன்னா ஏடு காணாம போயிருக்கு, இல்ல பைண்டிங் பண்ணும்போது மாத்தி வச்சிருக்காங்க. இத பார்க்காம வாசகத்துக்குள்ள போனவங்க "இந்தப் பிரதில மட்டும் வித்தியாசமான பாடம் இருக்கு"ன்னு சந்தோஷப்பட்டு, கடைசில அது தொலஞ்சு போன ஏடுன்னு தெரிஞ்சு உடஞ்சு போனத நான் பார்த்திருக்கேன்.

4. தோலா, காகிதமா, ஒரு கட்டுல எத்தன ஏடு

தோலுக்கு ரெண்டு முகம் உண்டு, மயிர் இருந்த பக்கம் கொஞ்சம் மஞ்சளா, மயிர்க்கால் புள்ளியோட இருக்கும், சதை பக்கம் வெளுப்பா இருக்கும். நல்லா செஞ்ச கட்டுல விரிச்சா மயிர்ப்பக்கம் மயிர்ப்பக்கத்த பார்த்து இருக்கும், சதை சதைய பார்த்து இருக்கும். அந்த ஒழுங்கு திடீர்னு உடஞ்சா அங்க ஒரு ஏடு போயிருக்குன்னு அர்த்தம். ஜெர்மனி பக்கத்து பிற்கால பிரதிகள்ல ரெண்டு முகத்தையும் ஒரே மாதிரி தேச்சு வச்சிருப்பாங்க, படத்துல பிரிக்கவே முடியாது, அதுவே ஒரு தடயம்தான்.

கட்டுன்னா நம்ம பிரஸ்ல ஃபாரம்னு சொல்றோமே அந்த மாதிரி, சில தாள்கள ஒன்னுக்குள்ள ஒன்னு மடிச்சு நடுவுல தைக்கிறது. எகிப்து, சிரியா பக்கத்துலயும் இத்தாலியிலயும் பெரும்பாலும் அஞ்சு தாள், அதாவது பத்து ஏடு. ஸ்பெயின், ஜெர்மனி, பைசாந்திய (கிரீஸ், துருக்கி பக்கத்து) தோல் பிரதிகள்ல பெரும்பாலும் நாலு தாள், எட்டு ஏடு. படத்துல எப்படி எண்றதுன்னா, நடு மடிப்புல தையல் நூல் தெரியுற விரிப்ப தேடுங்க, அடுத்த நூல் தெரியுற விரிப்பு வரைக்கும் எண்ணுங்க. மேல சொன்ன அடிச் சொல் கட்டோட கடைசில மட்டும் வருதுன்னா அது இன்னும் சுலபம். ஒரு கட்டு எண்ணிட்டு நிறுத்தாதீங்க, அஞ்சாறு எண்ணுங்க, முதலும் கடைசியும் எப்பவுமே ஒழுங்கில்லாமதான் இருக்கும்.

காகிதம்னா நீர்க்குறி இருக்கா பாருங்க. இத்தாலியக் காகிதத்துல 13ம் நூற்றாண்டு கடைசில இருந்து வருது, அரபு நாட்டுக் காகிதத்துல கிடையாது. பெரிய அளவு புத்தகம்னா குறி ஏட்டு நடுவுல வரும், தாள ரெண்டு தடவ மடிச்ச புத்தகம்னா நடு மடிப்புல பாதி பாதியா ஒளிஞ்சிருக்கும். சாதாரண படத்துல பெரும்பாலும் தெரியாது, பின்னாடி விளக்கு வச்சு எடுத்த படம் வேணும். "நீர்க்குறி இல்ல"ன்னு எழுதாதீங்க, "படத்துல தெரியல"ன்னு எழுதுங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல பெரிய தூரம் இருக்கு.

5. துளையும் கோடும்

எழுதுறதுக்கு முன்னாடி கோடு போடணும், கோடு நேரா வர்றதுக்கு ஓரத்துல சின்னச் சின்ன துளை குத்துவாங்க. நிறைய பேர் இத அழுக்குன்னு நினைச்சு தாண்டிடுறாங்க.

ஸ்பெயின் வழக்கத்துல துளை வெளி ஓரத்துல மட்டும், கோடு கூர்மையான கம்பியால அழுத்தி போட்டது, நிறம் இருக்காது, ஒரு பக்கம் பள்ளமா மறுபக்கம் மேடா இருக்கும். ஜெர்மனி, வட பிரான்ஸ் பக்கம் 13ம் நூற்றாண்டுல ஈயக் குச்சியால கோடு போடுற பழக்கம் வந்தது, சாம்பல் நிறக் கோடு கண்ணுக்கு தெரியும். பள்ளக் கோடுன்னா ஒரு பக்கம் அழுத்தினா ரெண்டு பக்கத்துக்கும் ஆச்சு, நிறக் கோடுன்னா ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா போடணும், அதனாலதான் அங்க உள் ஓரத்துலயும் துளை தேவைப்பட்டுச்சு. காரணம் தெரிஞ்சா பட்டியல மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. கிழக்குல, அதாவது எகிப்து, சிரியா பக்கம், காகிதத்துக்கு மஸ்தரான்னு ஒரு பலகை, அதுல நூல் இழுத்து கட்டி மேல தாள வச்சு கையால தேய்ப்பாங்க, கோடு பதிஞ்சிடும், துளையே வேண்டாம்.

இங்க நடக்கிற பெரிய தப்பு: வெளி ஓரத்துல துளை தெரியலன்னதும் "துளை இல்ல"ன்னு முடிவு கட்டுறது. பிற்காலத்துல பைண்ட் பண்ணவங்க ஓரத்த வெட்டியிருப்பாங்க. ஓரக் குறிப்புல எழுத்து பாதில அறுந்திருக்கா பாருங்க, அறுந்திருந்தா துளையும் அதோட போயிருக்கும்.

6. எழுத்த பாக்குறது

முதல்ல எந்த தரத்து எழுத்துன்னு பிரிங்க. சதுர எழுத்து, அதவிட கொஞ்சம் தளர்ந்த பாதி ஓட்டெழுத்து, முழு ஓட்டெழுத்து. ஒரே பக்கத்துல வேதாகம வாசகம் சதுரத்துலயும் சுத்தி இருக்கிற உரை பாதி ஓட்டெழுத்துலயும் இருக்கும், ரெண்டும் ஒரே ஆள் எழுதினதா இருக்கலாம். புதுசா வர்றவங்க இத பார்த்து "ரெண்டு பேர் எழுதியிருக்காங்க"ன்னு எழுதிடுறாங்க. சதுரத்த சதுரத்தோட, ஓட்டத்த ஓட்டத்தோட மட்டும் ஒப்பிடுங்க.

அடுத்துதான் வட்டாரம். அஷ்கெனாஸ், அதாவது ஜெர்மனி, வட பிரான்ஸ், இங்கிலாந்து. செஃபராத், அதாவது ஸ்பெயின், போர்ச்சுகல், வட ஆப்பிரிக்கா. அப்புறம் இத்தாலி, பைசாந்தியம், கிழக்கு, யேமன், பாரசீகம். அஷ்கெனாஸ்ல இறகுப் பேனா, அதனால படுக்கைக் கோடு தடியா, நிக்கிற கோடு மெல்லிசா வரும். செஃபராத்லயும் கிழக்குலயும் நாணல் பேனா, ரெண்டு கோடும் ஏறக்குறைய ஒரே தடிமன். ஆலெஃப், லாமெத், ஆயின், ஷின் இந்த நாலு எழுத்த பத்து பத்து வெட்டி எடுத்து ஒரு தாள்ல ஒட்டுங்க, அதே மாதிரி தேதி தெரிஞ்ச பிரதில இருந்தும் எடுத்து பக்கத்துல வைங்க. ஒரே ஒரு எழுத்த வச்சு சொல்லாதீங்க, யாரும் ஒரே எழுத்த பத்து தடவையும் ஒரே மாதிரி எழுத மாட்டாங்க.

இப்ப இந்த வழிகாட்டிலயே முக்கியமான இடம். எழுத்து, அந்த ஆள் எங்க படிச்சாருன்னு சொல்லும். தோலும் கட்டும் கோடும் பெரும்பாலும் அவர் எங்க உக்காந்து எழுதினாருன்னு சொல்லும். ரெண்டும் ஒன்னா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 1290ல இங்கிலாந்துல இருந்து துரத்தினாங்க, 1306லயும் மறுபடி 1394லயும் பிரான்ஸ்ல இருந்து, 1391 கலவரத்துக்கப்புறமும் 1492லயும் ஸ்பெயின்ல இருந்து. ஓடினவங்க கைய விட்டுட்டு ஓட முடியுமா? ஸ்பெயின்ல எழுதப் படிச்சவர் இத்தாலியில இத்தாலிக் காகிதத்துல செஃபராத் எழுத்துலயே எழுதினார், ஜெர்மனில இருந்து வந்தவர் வட இத்தாலியில அஷ்கெனாஸ் எழுத்துல எழுதினார்.

அதனால எழுத்தும் உடம்பும் வேற வேற ஊர காட்டுதுன்னா நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு பதறாதீங்க. அநேகமா ஒரு மனுஷன் ஊர விட்டுப் போன கதைய பார்த்துட்டு இருக்கீங்க. நாலாவது அஞ்சாவது படிய எழுத்துக்கு முன்னாடி வச்சதுக்கு காரணம் இதுதான், எழுத்த முதல்ல பார்த்திருந்தா "ஸ்பெயின்"னு எழுதிட்டு காகிதத்த பாக்காமலே மூடியிருப்பீங்க.

வேற ஒன்னும் கவனிங்க, ஹீப்ரு எழுத்துன்னா ஹீப்ரு மொழின்னு அர்த்தமில்ல. அரபு, பாரசீகம், யித்திஷ், லதீனோ எல்லாமே இந்த எழுத்துல எழுதியிருக்காங்க, நம்ம ஊர்ல தமிழ அரபு எழுத்துல எழுதின அரபுத்தமிழ் மாதிரி. கொல்லத்துல 849ல வெட்டின தரிசாப்பள்ளி செப்பேட்டுல சாட்சிக் கையெழுத்து போட்டவங்கள்ல சிலர் ஹீப்ரு எழுத்துலதான் போட்டிருக்காங்க, மொழி பாரசீகம். சொல் புரியலன்னா எழுத்த தப்பா படிச்சிட்டோம்னு நினைக்கிறதுக்கு முன்னாடி மொழி வேறயான்னு யோசிங்க.

7. வரி முடியுற இடம்

ஹீப்ருல சொல்ல பாதில உடைச்சு அடுத்த வரிக்கு கொண்டு போற வழக்கம் இல்ல, ஆனா இடது ஓரம் நேரா வரணும். அதுக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி வச்சிருந்தாங்க. கடைசி எழுத்த இழுத்து நீட்டுவாங்க, இடம் நிரப்ப ஒரு சின்ன குறி போடுவாங்க, சொல்ல சுருக்குவாங்க. இல்லன்னா அடுத்த சொல்லோட முதல் ரெண்டு மூணு எழுத்த மட்டும் போட்டுட்டு, அடுத்த வரில அந்த சொல்ல முழுசா மறுபடி எழுதுவாங்க.

இந்தக் கடைசி வழிதான் எல்லாரையும் விழ வைக்குது. அந்த ரெண்டு எழுத்த தனிச் சொல்லுன்னு நினைச்சு அகராதில தேடிட்டு உக்காந்திருப்பாங்க. வரி கடைசில அர்த்தமில்லாத துணுக்கு இருந்தா உடனே அடுத்த வரியோட முதல் சொல்ல பாருங்க.

ஆனா இத தொல்லையா மட்டும் பாக்காதீங்க. எந்த வழிய எவ்வளவு பயன்படுத்துறாருங்கறது அந்த ஆளோட கைரேகை மாதிரி. எழுத்து ஒரே மாதிரி இருந்தும் 60ம் ஏட்டுல இருந்து வரி முடிக்கிற விதம் மாறுதுன்னா அங்க வேற ஆள் உக்காந்திருக்கார், ஒரே இடத்துல பயிற்சி எடுத்தவங்க எழுத்து ஒத்திருக்கும், இந்தப் பழக்கம் ஒத்திருக்காது. கடவுள் பேருக்கு பதிலா ரெண்டு யோத் போடுறாரா, மூணு போடுறாராங்கறதும் அதே மாதிரிதான். பத்து ஏட்டுக்கு ஒரு தடவ பார்த்து குறிச்சு வைங்க.

8. எழுதினவரோட குறிப்பு

இப்ப கடைசி ஏட்டுக்கு போகலாம். கடைசில மட்டும் இல்ல, ஒரே தொகுதில பல நூல் இருந்தா ஒவ்வொன்னு முடியுற இடத்துலயும் பாருங்க. "கதவ்தி" எழுதினேன், "சியம்தி" முடிச்சேன், "நிஷ்லாம்" முடிஞ்சது, இந்த மாதிரி சொல் வந்தா நீங்க சரியான இடத்துல இருக்கீங்க.

முதல் கேள்வி: இது யார் பேசுறது? நாலு பேர் பேச வாய்ப்பிருக்கு. பிரதி எடுத்தவர், உயிர்க்குறி போட்டவர், பின்னாடி வாங்கின சொந்தக்காரர், நாலாவதா நூலாசிரியர். நூலாசிரியர் தான் நூல முடிச்ச நாள எழுதியிருப்பார், முந்நூறு வருஷம் கழிச்சு பிரதி எடுத்தவர் அதையும் சேத்து அப்படியே எழுதியிருப்பார். நான் ஒரு மாசம் வீணாக்கினேன்னு சொன்னது இங்கதான். ஒரு உரை நூலோட கடைசில இருந்த 13ம் நூற்றாண்டு தேதிய பிரதியோட தேதின்னு நம்பி அதுக்கேத்த மாதிரி எழுத்த எல்லாம் விளக்கிட்டே போனேன், காகிதத்துல இருந்த நீர்க்குறி 15ம் நூற்றாண்டுன்னு ஒருத்தர் காட்டினப்பதான் நின்னேன்.

அடுத்து, யாருக்காக எழுதினார். "லெ-அத்ஸ்மி" இருந்தா தனக்காகவே எழுதினது. குறிப்பு இருக்கிற இடைக்கால ஹீப்ரு பிரதிகள்ல பாதிக்கு கிட்ட இப்படி படிக்கிறவரே தனக்குன்னு எடுத்த பிரதிங்கறது பெயித்-அரியே சொன்ன முடிவு. இது ஏன் முக்கியம்னா, கூலிக்கு எழுதினவர் கண்ணு வழுக்கி வரிய விடுவார், தனக்கு எழுதின அறிஞர் தெரிஞ்சே திருத்துவார், வேற பிரதியோட ஒத்துப் பார்த்து சேப்பார். ரெண்டு வகைத் தப்பும் வேற. வாசகத்த நீங்க எப்படி நம்புறீங்கங்கறது இதப் பொறுத்துதான்.

அஷ்கெனாஸ் பிரதின்னா "ஹஸாக்"னு ஆரம்பிக்கிற ஒரு வாழ்த்த அடிக்கடி பார்ப்பீங்க. திடமா இருப்போம், எழுதினவனுக்கு இன்னைக்கும் என்னைக்கும் ஒரு கெடுதலும் வரக்கூடாது, கழுத ஏணில ஏறுற நாள் வரைக்கும், இதுதான் அதோட அர்த்தம். மாசக்கணக்கா குனிஞ்சு எழுதி முடிச்ச ஒரு மனுஷன் கடைசி வரில இத எழுதியிருக்கிறத முதல் தடவ நானே எழுத்து கூட்டி படிச்ச ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஆனா இது வழக்கமான வாசகம், பேரோ தேதியோ அதுல கிடையாது, இதுக்கு மேலயும் கீழயும் தேடுங்க.

குறிப்பே இல்லையா? வாசகத்துக்குள்ள தேடுங்க. எழுதினவர் பேரு யோசேப்புன்னா, வாசகத்துல யோசேப்புன்னு வரி ஆரம்பத்துல வர்றப்ப அது மேல புள்ளி வச்சோ சின்ன பூ போட்டோ காட்டியிருப்பார். ஒரு தடவ வந்தா தற்செயல், அதே பேரு நாலஞ்சு இடத்துல அலங்காரத்தோட வந்தா அவர் பேருதான். பல பேர் சேர்ந்து எழுதின புத்தகத்துல யார் எது வரைக்கும் எழுதினாங்கன்னு பிரிக்கவும் இது உதவும்.

அப்பா பேருக்கு பின்னாடி வர்ற சுருக்கத்தையும் விடாதீங்க. சயின் லாமெத் இருந்தா "நினைவு ஆசியாகட்டும்", அப்பா இறந்துட்டார். கடவுள் காக்கட்டும்னு அர்த்தம் வர்ற சுருக்கம் இருந்தா அப்பா உயிரோட இருக்கார். ஒரே ஆள் எழுதின ரெண்டு பிரதிய எது முன்ன எது பின்னன்னு வரிசைப்படுத்த இந்த ரெண்டெழுத்து போதும்.

9. தேதிக் கணக்கு

எழுத்துக்குதான் எண். ஆலெஃப்ல இருந்து தேத் வரை 1 முதல் 9, யோத்ல இருந்து ஸாதே வரை 10 முதல் 90, அப்புறம் கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. ஐந்நூறுன்னா தாவும் கோஃபும். தாலெத்தும் ரேஷும் ஒன்னு மாதிரியே இருக்கும், 4க்கும் 200க்கும் 196 வருஷ வித்தியாசம், ஆனா எண் பெருசுல இருந்து சின்னதுக்கு போகும், அதனால முப்பதுக்கு முன்னாடி நிக்கிறது நாலா இருக்க முடியாது. ஹேயும் ஹெத்தும், வாவும் சயினும்தான் உண்மையான ஆபத்து, ரெண்டும் கடைசி இடத்துல வரும். அதே ஆள் வேற இடத்துல எழுதின ஹேய பக்கத்துல வச்சு பாருங்க.

அடுத்து எந்த ஆண்டுக் கணக்குன்னு பாருங்க. உலகப் படைப்புல இருந்து எண்றதுன்னா 3760 கழிங்க, செப்டம்பர் அக்டோபர்ல வர்ற திஷ்ரில இருந்து டிசம்பர் வரைக்கும்னா 3761. ஆயிரத்த விட்டுட்டு எழுதுற சின்னக் கணக்குன்னா, ஐயாயிரத்துக்கு மேல இருக்கிற வருஷங்களுக்கு 1240 கூட்டுங்க. கிழக்குலயும் யேமன்லயும் ஷ்டாரோத்னு செலூக்கியர் கணக்கு, 311 கழிங்க, திஷ்ரில இருந்து டிசம்பர் வரைக்கும் 312. எருசலேம் ஆலயம் அழிஞ்சதுல இருந்துன்னா 68 கூட்டுங்க. அழிஞ்சது 70லன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால 70 கூட்டிடுறாங்க, அந்தக் கணக்கு அப்படி ஓடல. வேத வசனம் ஒன்ன எழுதி அதுல சில எழுத்து மேல புள்ளி வச்சிருந்தா புள்ளி வச்சத மட்டும் கூட்டணும்.

ஒரு உதாரணம் முழுசா பார்க்கலாம். போட்லியன்ல இருக்கிற கென்னிகாட் 1, ஸ்பெயின்ல லா கொருன்யா ஊர்ல மோசே இப்ன் சபாரா எழுதின வேதாகமம். குறிப்புல புதன்கிழமை, ஆவ் மாசம் மூணாம் நாள், 5236. ஆவ் கோடைல வருது, அதனால 3760 கழிச்சா 1476. தேதி மாத்தில போட்டா 1476 ஜூலை 24. இப்ப கிழமைய சரிபாருங்க: ஜூலியன் நாட்காட்டில அன்னைக்கு புதன்தான். கிழமை பொருந்திடுச்சுன்னா வருஷ எழுத்த சரியாதான் படிச்சிருக்கோம்னு நல்ல பலம் கிடைக்குது, ஒரு எழுத்து மாறியிருந்தா பெரும்பாலும் கிழமை இடிச்சிருக்கும். சில இணைய மாத்தி ஆகஸ்ட் 2ன்னு காட்டும். அது கிரிகோரியன், 1582க்கு முன்னாடி அந்த நாட்காட்டியே கிடையாது, அத எழுதாதீங்க.

கிழமை இடிச்சா உடனே எழுதினவர் மேல பழி போடாதீங்க. யூத நாள் சாயங்காலத்துல ஆரம்பிக்குது, திங்கள் ராத்திரி அவங்களுக்கு செவ்வாய். முதல்ல உங்க எழுத்து வாசிப்ப மறுபடி பாருங்க, அப்புறம் கணக்கு எந்த ஆண்டு முறைன்னு பாருங்க, கடைசியாதான் அவர் தவறினார்னு சொல்லணும்.

சில நேரம் குறிப்பே தனக்குள்ள இடிக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருக்கிற லெனின்கிராட் கோடெக்ஸ் (கோடெக்ஸ்னா ஏடா தச்ச புத்தகம்), முழு ஹீப்ரு வேதாகமத்துல தேதி உள்ள பழைய பிரதி, கெய்ரோல சாமுவேல் பென் யாக்கோபு எழுதினது. அதுல சிவான் மாசம்னு சொல்லி அஞ்சு கணக்குல வருஷம் கொடுத்திருக்கார், அதுல நாலு மட்டும் இங்க. படைப்பு 4770ன்னா 1010 கோடை. செலூக்கியர் 1319ன்னா 1008 கோடை. ஹிஜ்ரி 399 ஆரம்பிச்சது 1008 செப்டம்பர்ல, அதனால சிவான் 1009ல விழும். ஆலயம் அழிஞ்சு 940ன்னா 1008. ஒரே ஆள், ஒரே பக்கம், ஒன்னோட ஒன்னு சேரல. அதனாலதான் புத்தகங்கள்ல 1008னும் 1009னும் மாறி மாறி பார்க்குறீங்க. உங்களுக்கு இந்த மாதிரி வந்தா பிடிச்சத எடுத்துட்டு மத்தத மறைக்காதீங்க, எல்லாத்தையும் வரிசையா எழுதுங்க.

10. குறிப்பையும் உடம்பையும் சேத்து வச்சு கேளுங்க

நாலுல இருந்து ஏழு வரைக்கும் எழுதி வச்சத இப்ப எடுங்க. குறிப்புல சொல்ற ஊரும் வருஷமும் அதோட சேருதா?

கெய்ரோ கோடெக்ஸ்னு தீர்க்கதரிசிகள் நூல் பிரதி ஒன்னு, மோசே பென் ஆஷேர் திபேரியாஸ்ல ஆலயம் அழிஞ்சு 827ம் வருஷ முடிவுல எழுதினதா குறிப்பு சொல்லுது, அதாவது 895. ரொம்ப காலம் தேதி உள்ள ஹீப்ரு கோடெக்ஸ்ல இதுதான் பழசுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. அப்புறம் கார்பன் சோதனையும் பிரதியோட அமைப்பும் 11ம் நூற்றாண்ட காட்டுச்சு; பழைய பிரதில இருந்த குறிப்பையும் சேத்து படி எடுத்திருக்காங்கங்கறதுதான் இப்ப பெரும்பாலோர் ஏத்துக்கிற விளக்கம். குறிப்புல பொய் ஒன்னும் இல்ல. அது வேற புத்தகத்த பத்தி பேசுது, அவ்வளவுதான்.

அதனால குறிப்பு இருக்கிற எழுத்தும் வாசக எழுத்தும் ஒரே கைதானா, மை ஒன்னா, குறிப்பு இருக்கிற ஏடு அந்தக் கட்டோட சேந்ததா இல்ல பின்னாடி ஒட்டினதான்னு மூணும் பாருங்க.

11. பின்னாடி வந்த கைகள்

முன்னாடி பின்னாடி இருக்கிற காலி ஏட்டுல சொந்தக்காரங்க நிறைய எழுதியிருப்பாங்க. புத்தகத்துல பேர எழுதி வைக்கணும், இல்லன்னா சந்தைல இருந்து ஒருத்தன் வந்து இது என்னோடதுன்னு சொல்லிடுவான்னு ஒரு வாசகம் அடிக்கடி வரும். வித்த பத்திரம், பிள்ளை பிறந்த நாள், கடன் கணக்கு, எல்லாம் இருக்கும். இதுக்குள்ள பழைய தேதி எதுவோ, புத்தகம் அதுக்கு முன்னாடி எழுதினது, அந்த வரைக்கும் உறுதி.

இத்தாலில இருந்த பிரதின்னா கடைசி ஏட்டுல லத்தீன் எழுத்துல கையெழுத்து இருக்கலாம், தணிக்கை செஞ்சவங்களோடது. 1553ல ரோம்ல தல்முதங்கற யூத சட்ட நூல எரிச்சதுக்கு அப்புறம் தணிக்கை தீவிரமாச்சு, தொமெனிகோ இரோசொலிமித்தானோ, கமில்லோ யாகெல் இவங்க பேர திரும்பத் திரும்ப பார்ப்பீங்க. கையெழுத்தோட இருக்கிற வருஷம் சோதிச்ச வருஷம், எழுதின வருஷமில்ல, இத மாத்தி எழுதினவங்க நிறைய. உள்ள மை பூசி அழிச்ச வரிகள்ல தணிக்கை மை வெளுத்து அடியில இருக்கிற எழுத்து தெரியும், படத்துல மாறுபாட்ட கூட்டி முயற்சி பண்ணுங்க.

12. துண்டு மட்டும் கிடைச்சா

கெய்ரோவுக்கு பக்கத்துல ஃபுஸ்தாத்ல பென் எஸ்ரா ஜெபக்கூடத்து கெனிசால (பழைய ஏடுகள போட்டு வைக்கிற அறை) இருந்து சாலமன் ஷெக்டர் 1896-97ல கேம்பிரிட்ஜுக்கு கொண்டு போனது மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டு. இங்க கட்டு எண்ண முடியாது, குறிப்பு அநேகமா இருக்காது. ஆனா பக்கத்து அளவு, வரி எண்ணிக்கை, வரிக்கு வரி இடைவெளி, ஓர அகலம், எழுத்து, இவ்வளவும் அளந்து வச்சா ஒரே புத்தகத்துல இருந்து பிஞ்ச இன்னொரு துண்டு வேற நூலகத்துல இருக்கான்னு தேடலாம்.

ரெண்டு பக்கமும் பாருங்க, பின்பக்கம் காலியா இருந்தாக்கூட. 1132ல இருந்து 1149 வரைக்கும் மங்களூர் பக்கம் வியாபாரம் பண்ண ஆபிரகாம் பென் யிஜுவுக்கு யேமன் துறைமுகமான ஏடன்ல இருந்த கூட்டாளிங்க கடிதத்தோட காகிதத்தையும் பரிசா அனுப்பினாங்க, அவருக்கு காகிதம் அவ்வளவு அரிதா இருந்துச்சு. வந்த கடிதத்தோட காலி இடத்துலயே தன் கணக்க எழுதி வச்சார். முன்பக்கம் ஒருத்தர், பின்பக்கம் இன்னொருத்தர், ரெண்டுக்கும் ஒரே தேதி போட்டுடாதீங்க.

13. எழுதி வைக்கிறது

இப்பதான் பட்டியல திறந்து அவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னு படிக்கணும். எங்க உங்களோட மாறுதோ அந்த ஏட்ட மறுபடி பாருங்க, பெரும்பாலும் அவங்கதான் சரி, சில இடத்துல அவங்க மங்கின கருப்பு வெள்ளை ஃபிலிம் பார்த்து எழுதியிருப்பாங்க, நீங்க கலர் படம் பாக்குறீங்க.

தேதிய எழுதும்போது எங்க இருந்து வந்ததுன்னு சேத்து எழுதுங்க: "1476, எழுதினவர் குறிப்பு, கிழமை பொருந்துது" அப்படின்னு ஒன்னு, "14ம் நூற்றாண்டு, எழுத்த வச்சு மட்டும்" அப்படின்னு இன்னொன்னு. எழுத்த வச்சு மட்டும் சொல்றப்ப அம்பது வருஷத்துக்கு குறைவா சுருக்காதீங்க, ஒரு ஆள் இருபது வயசுல கத்துக்கிட்ட எழுத்த எழுபது வயசுலயும் எழுதுவார். ஏட்டு எண், படம் பார்த்த நாள், எது படத்துல தெரியலங்கறதும் கீழ வரட்டும். அதுக்கப்புறம் அடுத்த பிரதிய எடுங்க, இந்தத் தடவ தேதி இல்லாதது.